காலையில் நிற்காத மூடி

அம்மாடி,

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில் நீ ஒன்று கேட்டாய். "நைனா, உண்மையச் சொல்லு. அந்த வண்டி ஏன் இன்னும் விக்கல?" நான் உடனே, "அதுக்கு ஏத்த மாப்பிள்ளை அமையல கண்ணு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தேன். உன் பின்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மாவும் சிரித்தாள். எங்கேயோ தள்ளி நின்றிருந்த உன் வீட்டுக்காரர் சிரித்ததும் கேட்டது. நீ மட்டும் சிரிக்கவில்லை. நான் கேலி பேசி நீ சிரிக்காமல் போனது இத்தனை வருஷத்தில் இது இரண்டாவது தடவை. முதல் தடவை எப்போது என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. அதையும் சொல்கிறேன். போனில் பேசினால் நான் மறுபடி எதையாவது சொல்லிச் சிரித்துத் தப்பித்துவிடுவேன். பேப்பரில் சிரிக்க முடியாது இல்லையா, அதனால் எழுதுகிறேன். நான் நாலாவதோடு நின்றவன், நீ தெலுங்கு மீடியம். நான் எழுத்துக்கூட்டி எழுதுகிறேன், நீ எழுத்துக்கூட்டிப் படி. இரண்டு பேருக்கும் அவசரம் இல்லாமல் இருக்கும்.

முதலில் இங்கே எப்படி இருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். தினமும் "நல்லா இருக்கேன், ராஜா மாதிரி இருக்கேன்" என்கிறேனே, அது பாதி உண்மை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. உன் அம்மா உன் பிரசவத்துக்கென்று விமானம் ஏறி ஐந்து மாதம் ஆகப்போகிறது. காலையில் திருச்சானூர் ரோட்டுக் கடையில் இட்லி. மதியம் நானே ஒரு சோறும் குழம்பும் வைக்கிறேன். ராத்திரிக்கும் அதே குழம்புதான், அடுத்த நாளும் சில சமயம் அதே குழம்புதான். டி.வி.யில் தெலுங்கு சீரியல் ஓடிக்கொண்டே இருக்கும். கதை என்ன என்று கேட்காதே, வீட்டில் நாலு பேர் சண்டை போடுகிற சத்தம் இருக்கட்டும் என்று போட்டு வைக்கிறேன். ஆட்டோவை நீதான் விற்கச் சொன்னாய். "போதும் நைனா, ஒக்காந்து துன்னு" என்றாய். விற்றுவிட்டேன். ஷேர் ஆட்டோவில் ஒரு நடைக்கு எட்டுப் பேர் ஏறுவார்கள். எட்டுப் பேரையும் வம்புக்கு இழுத்துக்கொண்டே போவேன். இப்போது வம்புக்கு இழுக்க ஆள் இல்லை. ஷெட்டில் நிற்கிற உன் சிவப்புக் கார் வண்டியைத்தான் இழுக்கிறேன். "இன்னாடி சிவப்பி, குளிச்சியா?" என்று கேட்பேன். அது என்ன சொல்லும்.

நீ அந்த வண்டிக்கென்று அனுப்பிய பார்சலில் இருந்து ஆரம்பிக்கிறேன். முன் மூடிக்கு இரண்டு, பின்னால் எஞ்சின் மூடிக்கு இரண்டு, மொத்தம் நாலு கேஸ் ஷாக். மூடியைத் தூக்கினால் அப்படியே தாங்கிப் பிடித்து நிற்க வைக்கிற சாமான். பழசு நாலும் செத்துவிட்டது, கம்பு முட்டுக் கொடுத்துத்தான் திறக்கிறோம், இதைப் பார்த்து வாங்க வருகிறவன் ஓடிவிடுகிறான் என்று நான் சொன்னதால், நீ எங்கெங்கோ தேடிப் பிடித்து அனுப்பினாய். உன் அம்மா போன இரண்டாவது வாரமே வந்துவிட்டது. நீ கேட்டபோது, "அளவு சரியில்ல, மஸ்தான் பாய் பாத்துட்டு சேராதுன்னுட்டார்" என்று சொன்னேன். பொய். மெக்கானிக் மஸ்தான் பாய் அதைக் கண்ணால் கூடப் பார்க்கவில்லை. பார்சல் வந்த அன்றைக்கே ஒன்றை எடுத்துப் பழசுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நூல் அளவு கூட வித்தியாசம் இல்லை. பேப்பரில் சுற்றி அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்துவிட்டேன். ஏன் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம்.

அந்த வண்டி, நாம் அப்போது இருந்த குப்பம் ஊருக்கு வந்தபோது உனக்கு எட்டு வயசு. கிரானைட் கல்லுக்குத் திடீரென்று வெளிநாட்டுக் கிராக்கி வந்த சமயம் அது. நான் குவாரி முதலாளியின் லாரியில் கல் ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் ஹார்பருக்குப் போவேன். அதே ஹார்பரில் கப்பலில் இருந்து முதலாளிக்கு இந்த வண்டி இறங்கியது. இரண்டே சீட்டு, ரத்தச் சிவப்பு, தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு. குப்பத்தில் அதுவரை அம்பாசிடரையும் ஜீப்பையும் தவிர ஒன்றையும் பார்க்காத ஜனம் வேலியில் தொங்கிக்கொண்டு பார்த்தது. லாரி ஓட்டாத நாளில் அதைக் கழுவித் துடைப்பது என் வேலை. உன் தாத்தா காலம் வரைக்கும் ஒரு காணி நிலம் இல்லாமல் கூலிக்குப் போன குடும்பம் நாம். முதலாளி அந்த வண்டியின் சாவியை என் கையில் கொடுத்து "ஷெட்டுக்குள்ள விடு" என்று சொன்ன நாளில் எனக்குக் கால் தரையில் இல்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஷெட்டுக்கு வந்தாய். நான் துடைத்து முடித்திருந்தேன். "நைனா, ஒரு வாட்டி உள்ள ஒக்காரட்டா?" என்று கேட்டுக்கொண்டே முன் மூடிமேல் கை வைத்தாய். ஐந்து விரலும் அப்படியே பதிந்தது. முதலாளி வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும். நான்தான் அவர் ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று பயந்து, தோளில் இருந்த துணியை எடுத்து உன் கண் எதிரிலேயே அந்தக் கை அடையாளத்தைத் துடைத்தேன். துடைத்துவிட்டு, "உன் கைய வித்தா கூட இந்த வண்டியோட ஒரு போல்ட்டு வராது, போ" என்று கேலி பேசினேன். முதலாளி சிரித்தார். நீ சிரிக்கவில்லை. அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டாய், படித்தாய், தூங்கினாய், ஒன்றும் கேட்கவில்லை. நானும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, இத்தனை வருஷமும்.

அப்புறம் நாம் திருப்பதிக்கு வந்தது, நான் ஆட்டோ வாங்கியது, நீ என்ஜினியரிங் முடித்துப் பெங்களூர் போனது எல்லாம் உனக்கே தெரியும். முதலாளி காலமாகி, குவாரியும் நின்று, பிள்ளைகள் ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள் என்றும் அந்த வண்டி கோழி அடைகிற ஷெட்டில் தூசி ஏறிக் கிடக்கிறது என்றும் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னேன். சொன்னது என் தப்பு. மூன்றாவது மாதம் நீ அதை வாங்கி, பெங்களூரில் ஓட வைத்து, நீயே ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றாய். இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தாய். "ஒக்காரு நைனா" என்றாய். எனக்கு அந்த இடத்தில் அழுகை வந்திருக்க வேண்டும். எனக்கு வந்தது என்ன தெரியுமா? "ஏம்மா, இதுல மூணாவது ஆளு எங்க ஒக்காரும், டிக்கிலயா? உங்கம்மாவ ரேணிகுண்டா பஸ்ல ஏத்தி விட்டுட்டு வந்துடட்டா?" இதுதான் வந்தது. உன் அம்மா கரண்டியோடு அடிக்க வந்தாள்.

பூஜைக்குக் கோவில் வாசலுக்கு எடுத்துப் போனோமே, அதை நினைத்தால் இப்போதும் தனியாக உட்கார்ந்து சிரிக்கிறேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, தேங்காய் சுற்றியாயிற்று. ஐயர் எஞ்சினுக்குப் பொட்டு வைக்க வேண்டும் என்றார். நான் பெரிய ஆள் மாதிரி முன் மூடியைத் திறந்தேன். உள்ளே ஸ்டெப்னி டயரும் ஒரு பழைய சாக்கும்தான் இருந்தது. ஐயர் குனிந்து பார்த்துவிட்டு, "இஞ்சன் ஏதம்மா?" என்று தெலுங்கில் உன்னைக் கேட்டார். பத்து வருஷம் அந்த வண்டியைக் கழுவியவன் நான், பூஜை அவசரத்தில் எஞ்சின் பின்னால் இருக்கிறது என்பதையே மறந்துவிட்டேன். நீ சிரித்துக்கொண்டே பதில் சொல்வதற்குள் அந்த மூடி, யாரோ மெதுவாக அழுத்துகிற மாதிரி, தானாகவே இறங்கி வந்து ஐயர் தலைமேல் பக்குவமாக உட்கார்ந்தது. தட்டில் இருந்த கற்பூரம் கூட அணையவில்லை. "வண்டியே ஐயருக்கு ஆசீர்வாதம் பண்ணிடுச்சு" என்றேன். ஷாக் போய்விட்டது என்று நமக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்றைக்குச் சாயந்திரமே ஒரு ஒட்டடைக் கம்பை அளவாக வெட்டி முட்டுக் கொடுக்க வைத்தேன். அது உன் அம்மாவின் ஒட்டடைக் கம்பு. அவள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள், நீ சொல்லிவிடாதே.

நீ ஒரு வருஷம் ஓட்டினாய். அதற்குள் கல்யாணம், அமெரிக்கா. வண்டி ஷெட்டுக்கு வந்தது. இந்த வருஷம் நீ உண்டாகி இருக்கிறாய் என்றதும் எனக்கும் உன் அம்மாவுக்கும் விசாவுக்கு ஏற்பாடு செய்தாய். ஐதராபாத்தில் இரண்டு பேருக்கும் கொடுத்துவிட்டார்கள். கொடுக்கமாட்டார்கள் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். வெளியே வந்ததும் உன் அம்மா கற்பூரம் ஏற்ற இடம் தேடினாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டேன். டிக்கெட் போடுகிற நேரத்தில்தான் சொன்னேன், வண்டியை இப்படியே போட்டுவிட்டு வர முடியாது, எலி ஒயரைக் கடித்துவிடும், வாரம் ஒரு முறை ஸ்டார்ட் பண்ண வேண்டும், விற்றுவிட்டு வருகிறேன் என்று. நீ நம்பினாயோ என்னவோ, சரி என்றாய். உன் அம்மா நம்பவில்லை. மெட்ராஸ் ஏர்போர்ட்டில் உள்ளே போகிறதற்கு முன்னால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வண்டியப் பாத்துக்கினு இரு. அது உன்ன துன்னியான்னு கேக்குதா பாக்கலாம்" என்றாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். ஐந்து மாதமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், அது கேட்கவில்லை.

நான் வராததற்கு வண்டி காரணம் இல்லை. பயம்தான் காரணம். எழுதியாயிற்று. பெங்களூரில் உன் பிளாட்டில் பத்து நாள் தங்கினேனே, அப்போது ஒரு நாள் நீ வேலையில் இருந்து வந்து, நான் வாட்ச்மேன் ரூமில் உட்கார்ந்து அவனோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்ததைப் பார்த்தாய். "நைனாக்கு எங்க போனாலும் ஃபிரண்டு கெடச்சிடும்" என்று பெருமையாகச் சொன்னாய். நடந்தது வேறு. காலையில் டீ குடிக்கலாம் என்று கீழே இறங்கினேன். திரும்பி வந்தபோது வாட்ச்மேன் மாறியிருந்தான். "எந்த வீடு, நம்பர் என்ன?" என்று கேட்டான். எனக்கு நம்பர் தெரியவில்லை. உன் பெயரைச் சொன்னேன், அந்தக் கட்டடத்தில் அந்தப் பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். போனை மேலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். லிஃப்டில் ஏறி ஒவ்வொரு மாடியாக இறங்கிப் பார்த்தேன். எல்லாக் கதவும் ஒரே கதவாக இருந்தது. ஒரு அம்மா கதவைத் திறந்து என் லுங்கியைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு கார்பேஜ் எடுத்தாச்சு" என்று சொல்லி மூடிவிட்டார். குப்பை எடுக்க வந்தவன் என்று நினைத்துவிட்டார், பாவம். கீழே வந்து உட்கார்ந்தேன். காலை எட்டு மணியில் இருந்து நீ வருகிற வரைக்கும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தபோது சிரித்துக்கொண்டிருந்தேன், அது சரி. நீ தெருமுனையில் திரும்புகிறதைப் பார்த்த பிறகுதான் சிரிக்கவே ஆரம்பித்தேன். பெங்களூரிலேயே இப்படி என்றால், பேச்சே தெரியாத அந்த ஊரில், பனி கொட்டுகிற வாசலில், நான் யார் என்று யாருக்குச் சொல்வேன்? இதைத்தான் உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன்.

வெட்கத்தில் செய்த திருட்டு வேலை ஒன்றும் இருக்கிறது. இந்த ஷாக்குக்குள்ளே கேஸ் அடைத்திருக்கிறது. குளிரில் அது சுருங்கும், வெயிலில் விரியும். தேய்ந்துபோன ஷாக் என்றால் அந்தக் கொஞ்ச வித்தியாசமே போதும். நம் தகர ஷெட்டில் மத்தியானம் இரண்டு மணிக்கு மூடியைத் தூக்கிவிட்டால் கம்பே வேண்டாம், சிலை மாதிரி நிற்கும். மார்கழிக் காலை ஏழு மணிக்குத் தூக்கினால், கையை எடுத்தவுடன் ஐயர் தலையில் இறங்கின மாதிரி இறங்கிவிடும். இது எனக்கு நன்றாகத் தெரியும். வண்டி பார்க்க யாராவது போன் பண்ணினால், "காலைல ஏழுக்குள்ள வந்துடுங்க சார், அப்புறம் நான் கோயிலுக்குப் போய்டுவேன்" என்பேன். சந்திரகிரியில் இருந்து ஒருவர் வந்தார், திருப்பதி டாக்டர் பையன் ஒருவன் வந்தான். மூடியைத் தூக்கி, பேசிக்கொண்டே கையை எடுத்துவிடுவேன். மூடி இறங்கும். "இதுக்கு சாமான் எங்கயும் கெடைக்காது சார்" என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொள்வேன். போய்விடுவார்கள். மூன்றாவதாகச் சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கிற ஒருவர் வந்தார். அவர் மட்டும் போகும்போது, "மூடி நின்னா சொல்லுங்க, நான் எடுத்துக்கறேன்" என்று நம்பர் கொடுத்துவிட்டுப் போனார். உன்னிடம் அதைச் சொல்லவில்லை. அன்றைக்குச் சாயந்திரம் "யாரும் வரலம்மா" என்றேன்.

இப்போது அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். நீ ஆறு தடவை போன் பண்ணியும் நான் எடுக்காத செவ்வாய்க்கிழமை. கோயிலுக்குப் போயிருந்தேன் என்று சொன்னேனே, நான் ஷெட்டில் இருந்தேன். காலையில் எஞ்சின் மூடியைத் தூக்கிக் கம்பை முட்டுக் கொடுத்துவிட்டு, குனிந்து தூசி தட்டிக்கொண்டிருந்தேன். முழங்கை கம்பில் பட்டு அது நழுவியது. தலையையும் கையையும் வெடுக்கென்று எடுத்துவிட்டேன். லுங்கியை எடுக்கவில்லை. மடித்துக் கட்டாமல் தொங்கவிட்டிருந்த முன்தலைப்பு உள்ளே மாட்டிக்கொண்டு, மூடி டக்கென்று பூட்டிக்கொண்டது. அதைத் திறக்கிற லீவர் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. நான் பின்னால் கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கிறேன். எட்டிப் பார்த்தேன், எட்டவில்லை. இழுத்துப் பார்த்தேன், உன் அம்மா போகும்போது வாங்கி வைத்த புது லுங்கி, கிழிக்க மனசு வரவில்லை. அவிழ்த்துப் போட்டுவிட்டுப் போகலாம்தான், ஆனால் கேட் திறந்து கிடக்கிறது, தாயார் கோயிலுக்குப் போகிற பொம்பளைங்க கூட்டம் கூட்டமாகத் தெருவில் போய்க்கொண்டிருக்கிறார்கள். உள்ளே பட்டாபட்டி டிராயர். அந்தக் கோலத்தில் ஓடினால் நம் தெருவில் எனக்கு இருக்கிற மரியாதை என்ன ஆகும் என்று உனக்குத் தெரியுமே.

முதலில் எனக்கே சிரிப்பு வந்தது. இதைச் சொன்னால் உன் அம்மா பத்து நாள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாளே என்று நினைத்தேன். அப்புறம் வீட்டுக்குள்ளே போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. பழக்கத்தில், "ஏ, அந்தப் போன எடு" என்று உன் அம்மா பேரைச் சொல்லிக் கத்திவிட்டேன். கத்தின பிறகுதான் வீட்டில் யாரும் இல்லை என்று எனக்கே கேட்டது. டி.வி.யில் யாரோ ஒரு பெண் அழுதுகொண்டிருந்தாள். நான் அந்த மூடிமேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரத்துக்கு மேலேயே இருக்கும். தெருவில் நூறு பேராவது போயிருப்பார்கள், ஒருத்தரும் ஷெட்டுப் பக்கம் திரும்பவில்லை. அவர்களை ஏன் சொல்ல வேண்டும், நான் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியில் கூட்டம் கொஞ்சம் ஓய்ந்ததும் லுங்கியை வண்டியிடமே விட்டுவிட்டு ஓடினேன். போனை எடுத்துப் பார்த்தால் நீ. திருப்பிப் பண்ணினேன். "போ நைனா, பாப்பா மொத மொதல்ல கவுந்து படுத்தா. உனக்குக் காட்டலாம்னு போன புடிச்சிக்கினே ஒக்காந்திருந்தோம். மூணு வாட்டி கவுந்தா. இப்ப தூங்கிட்டா" என்றாய். நான், "என்ன மாதிரியே சோம்பேறி, அதான் குப்புறப் படுக்குது" என்றேன். போனை வைத்துவிட்டு அந்த டிராயரோடேயே அடுப்படித் தரையில் உட்கார்ந்திருந்தேன். என் பேத்தி கவிழ்ந்ததை நான் பார்க்காமல் போனது எதனால் என்று யாரிடமும் சொல்லக்கூட முடியாது. நானே தேய்ந்த ஷாக்கை மாற்றாமல் வைத்து, நானே அதில் மாட்டிக்கொண்டேன்.

அன்றைக்கே அரிசி டிரம்முக்குப் பின்னால் இருந்து நாலையும் எடுத்தேன். பெரிய வேலை இல்லை அம்மாடி, அதுதான் வெட்கம். இரண்டு முனையிலும் கோலிகுண்டு மாதிரி ஒரு உருண்டை இருக்கிறது, ஷாக்கின் குழி அதில் உட்காருகிறது, சின்னக் கம்பி கிளிப் பிடித்திருக்கிறது. கிளிப்பைக் கொஞ்சம் நெம்பினால் கையோடு வந்துவிடும். கம்பை முட்டுக் கொடுத்துக்கொண்டு, ஒரு பக்கம் மாற்றி முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கத்தைத் தொடவேண்டும். முன்னால் நீளமானது, பின்னால் குட்டையாகத் தடிமனானது. அரை மணி நேரத்தில் நாலையும் போட்டுவிட்டேன். மூடி ஜம்மென்று நின்றது. பெருமை தாங்காமல் ரேணிகுண்டா ரோட்டில் இருந்து மஸ்தான் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். என் ஆட்டோவைப் பதினைந்து வருஷம் பார்த்தவர், உனக்குத் தெரியும். சுற்றி வந்து பார்த்துவிட்டு அவர் கேட்டது இதுதான்.

"இன்னா, எல்லாத்தையும் தலகீழா மாட்டி வச்சிருக்க?"

"தடியான பக்கம் கீழ இருந்தாதான பாய் வெயிட்டு தாங்கும்? லாரி ஜாக்கி அப்டித்தான நிக்கும்?"

"லாரிக்காரன் புத்தி உன்ன விட்டுப் போவாது. இது ஜாக்கி இல்லப்பா. உள்ள கொஞ்சூண்டு எண்ண இருக்குது. கம்பி கீழ பாத்து இருந்தாத்தான் அது வாய்ல வந்து நிக்கும், வாஷர் காயாது. இப்டி விட்டா ஆறே மாசம், கேஸு மொத்தம் போய்டும். யார் குடுத்தது இந்த சாமான்?"

"பொண்ணு அனுப்புனா. நாலு மாசம் ஆச்சு."

"நாலு மாசமா?"

"உன்கிட்ட காட்டினேன், நீ சேராதுன்னு சொல்லிட்டன்னு சொல்லி வச்சிருக்கேன் பாய்."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். சிரிப்பார் என்று நினைத்தேன். "என் பேர எதுக்கு இழுத்த? போவ பயமா இருக்குதுன்னு சொல்லிட்டுப் போயேன். அந்தப் பொண்ணு உன்ன அடிக்கவா போவுது" என்றார். பிறகு நாலையும் என்னோடு சேர்ந்து கழற்றித் திருப்பி மாட்டினார். டீ கூடக் குடிக்காமல் போனார். மூன்றாவது நாள் அவரே போன் பண்ணி, "சொன்னியா?" என்று கேட்டார். சொல்லிவிட்டேன் என்று அவரிடமும் ஒரு பொய். இந்தக் கடிதம் முடிந்தால் அது உண்மையாகிவிடும்.

உனக்குப் புத்தி சொல்கிற அளவுக்கு நான் படித்தவன் இல்லை, ஒழுங்காக நடந்தவனும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உன் பெண் இன்னும் ஆறு மாதத்தில் எழுந்து நிற்பாள். கண்ணாடி, கார், டி.வி. என்று போகிற இடமெல்லாம் கை வைப்பாள். உடனே துணியை எடுக்காதே. அவள் அந்தப் பக்கம் போன பிறகு துடைத்துக்கொள். பயமாக இருந்தால் பயம் என்று சொல், என்னை மாதிரி ஜோக்கு சொல்லாதே. ஜோக்கு நல்லதுதான், ஆனால் நான் சொன்னதில் பாதி, அழுகிற இடத்தில் சொன்னது.

சித்தூர்க்காரருக்குப் போன் பண்ணினேன். எத்தனை மணிக்கு வரட்டும் என்று கேட்டார். விடியற்காலை ஆறு மணிக்கு வரச் சொன்னேன். இன்று காலை வந்தார். நல்ல பனி, வாயைத் திறந்தால் புகை வந்தது. முன் மூடியைத் தூக்கி விட்டேன், பின் மூடியைத் தூக்கி விட்டேன், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அவர் வண்டியைச் சுற்றி மூன்று தடவை வந்தார். டீ வாங்கி வந்து குடித்தோம். இரண்டும் நின்றது நின்றபடி நின்றது. வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று கைகொடுத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு வண்டியைக் கழுவினேன். முழுதும் துடைத்தேன். முன் மூடியில் இடது பக்கம், நீ கை வைத்த இடத்தை மட்டும் துடைக்காமல் தண்ணீரோடு விட்டுவிட்டேன். அங்கே ஒன்றும் இல்லைதான். இருந்தாலும் விட்டுவிட்டேன்.

எனக்குப் போனில் படம் அனுப்ப வராது, இந்தக் காகிதங்களை மஸ்தான் பாய் தன் போனில் படம் பிடித்து அனுப்புவார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, அதனால்தான் இவ்வளவு தைரியமாக எழுதியிருக்கிறேன். உன் அம்மா திரும்ப இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எனக்கு ஒரு டிக்கெட் போடு, திரும்பும்போது அவளோடேயே வந்துவிடுகிறேன். அதற்கு முன்னால் ஒன்று செய். உன் வீட்டு நம்பர், தெருப் பெயர், உன் போன் நம்பர், மூன்றையும் பெரிய எழுத்தில் எழுதி அனுப்பு. போகிற வழியெல்லாம் படித்துக்கொண்டே வருகிறேன். வாசலில் யாராவது கேட்டால் எந்த வீடு என்று நானே சொல்ல வேண்டும்.

நைனா